பெயர் கம்பெனிக்கு, பூட்டு நம் கைக்கா?

உப்பளத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தி வரும் சகோதரி ஒருவர் சென்ற மாதம் ஒரு கட்டுக் காகிதத்துடன் நம்மிடம் வந்தார். நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். முழுவதும் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து.

"தோழர், ஏழு வருஷத்துக்கு முன்னால் இதில் கையெழுத்துப் போட்டேன். இப்போது உடம்புக்கு முடியவில்லை. காப்பகத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, வீட்டோடு நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று நினைத்தேன். விற்றால் இரண்டு வருஷத்துக்கு இந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு வேறு என்ன தெரியும்? பிள்ளை பார்க்கத்தானே தெரியும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நகை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் பெரிய கம்பெனியின் பெயர்ப்பலகையின் கீழ்ச் சிறு தொழில் நடத்தும் பல்லாயிரம் பேருடைய கேள்வி. ஆகவே அதை விவரமாக ஆராய்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

பெயர் ஒருவருக்கு, பாரம் ஒருவருக்கு

'பிரான்சைஸ்' என்று ஒரு வியாபார முறை. பெயர், பெயர்ப்பலகை, பாட்டுப் புத்தகம், பிள்ளைகளின் சீருடை, சுவருக்கு அடிக்கும் வர்ணம் வரை கம்பெனி கொடுக்கும். இடத்து வாடகை, முன்பணம், ஆயா சம்பளம், மின்சாரக் கட்டணம், பால், பாய், தொட்டில் எல்லாம் ஊரில் உள்ளவர் பொறுப்பு. சேரும்போது கம்பெனிக்கு நுழைவுத் தொகை கட்ட வேண்டும். பிறகு வருகிற வசூலில் 'ராயல்டி' என்று ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் கம்பெனியின் பங்கு முதலில் எடுத்து வைக்கப்படும்.

பிரெஞ்சு ஆட்சியைப் பார்த்த நமது ஊருக்கு இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. 'பிரான்சைஸ்' என்பது பழைய பிரெஞ்சுச் சொல். அதற்கு முதலில் இருந்த பொருள் சுதந்திரம், கட்டிலிருந்து விடுபடுதல். விடுதலை என்று பொருள்பட்ட சொல் இன்று விலங்கின் பெயராகிவிட்டது!

சகோதரி கொண்டு வந்த காகிதத்தில் அந்த விலங்கு முப்பதாம் பக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலும், காப்பகத்தைப் பிறருக்கு விற்றாலும், அவரோ அவருடைய கணவரோ நெருங்கிய உறவினரோ, ஐந்து கிலோ மீட்டர் சுற்றளவில், இரண்டு ஆண்டுகளுக்குக் குழந்தைகள் காப்பகமோ மழலையர் பள்ளியோ நடத்தக் கூடாது. அவரிடம் வேலை பார்த்த ஆசிரியைகளும் ஆயாக்களும் அதே எல்லைக்குள் அதே வேலைக்குப் போகக் கூடாது. மீறினால் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். இதுதான் ஷரத்து.

ஐந்து கிலோ மீட்டர் என்றால் காகிதத்தில் சிறிதாகத்தான் தெரிகிறது. உப்பளத்தில் நின்றுகொண்டு அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்டப் பாதி வட்டம் வங்கக் கடலில் விழுகிறது. கடலில் காப்பகம் நடத்த முடியாது. மீதிப் பாதியில் வம்பாக்கீரப்பாளையம் வந்துவிடுகிறது, முதலியார்பேட்டை வந்துவிடுகிறது, நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் எல்லாம் வந்துவிடுகின்றன. அதாவது புதுச்சேரி நகரமே வந்துவிடுகிறது. ஊரை விட்டுப் போ என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

'கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி என்ன செய்வது' என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டியதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. சட்டப்படியான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ செய்யவொட்டாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது என்று அது சொல்லுகிறது. அமெரிக்க வக்கீல் டேவிட் டட்லி பீல்டு நியூயார்க் மாகாணத்துக்காக எழுதிய சட்ட நகலிலிருந்து எடுக்கப்பட்ட பிரிவு அது. அதே 1872இல் கலிபோர்னியாவும் அதே நகலைப் பின்பற்றிச் சட்டம் செய்தது. அங்கேயும் இன்றுவரை அந்தத் தடை நிற்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டங்களே நெடுங்காலம் இருந்தன. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே அந்தப் பிரிவு உப்பளத்துக்கும் உண்டு.

கோர்ட்டுகள் இந்தப் பிரிவை எப்படிப் படித்தன? 1874இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு. ஒரே பகுதியில் பித்தளைத் தொழில் நடத்திய இரண்டு போட்டிக்காரர்கள். நீ கடையை மூடிவிடு, உனக்குப் பணம் தருகிறேன் என்றார் ஒருவர். மற்றவர் மூடினார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டார். தொழிலை நிறுத்தச் செய்யும் ஒப்பந்தமே செல்லாது, ஊரின் ஒரு பகுதிக்கு மட்டுமான தடையும் தடைதான் என்று ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. 'கொஞ்சத் தூரத்துக்குத்தானே, கொஞ்ச காலத்துக்குத்தானே' என்ற சமாதானம் அன்றே அடிபட்டுப் போயிற்று.

ஆனால் இந்தப் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை அல்ல. வியாபாரத்தின் 'குட்வில்'லை, அதாவது ஊரில் அந்த வியாபாரத்துக்கு ஏற்பட்டிருக்கும் நல்ல பெயரை விற்கிறவர், வாங்குகிறவருக்கு எதிராகக் குறிப்பிட்ட உள்ளூர் எல்லைக்குள் அதே மாதிரி வியாபாரம் நடத்துவதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். வாங்கியவர் அங்கே அந்த வியாபாரத்தை நடத்திக்கொண்டிருக்கும் வரையில்தான் அந்தக் கட்டுப்பாடு. அவர் கடையைக் கட்டிவிட்டால் கட்டும் அவிழ்ந்துவிடும். எல்லையும் நியாயமானது என்று கோர்ட்டுக்குத் தோன்ற வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் இந்த விதிவிலக்கின் நிழலில்தான் ஒளிகிறார்கள்.

குட்வில் யாருடையது?

நாம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறோம். அந்தக் காப்பகத்தின் குட்வில் யாருடையது?

சகோதரியின் காகிதத்தில் பதினோராம் பக்கத்தைப் புரட்டினால் பதில் இருக்கிறது. பெயரும், அடையாளமும், அதனால் விளையும் குட்வில் முழுவதும் கம்பெனிக்கே சொந்தம், நடத்துகிறவருக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். குட்வில் அவருடையது அல்ல என்றால், அவர் குட்வில்லை விற்கிறவர் அல்ல. குட்வில்லை விற்கிறவர் அல்ல என்றால், விதிவிலக்கு அவர்மேல் பாயாது. பொதுவிதிதான் பாயும். கம்பெனியின் தடை செல்லாது.

இல்லை, குட்வில் அவருடையதுதான் என்று கம்பெனி மாற்றிப் பேசுமானால் அதுவும் சரி. அப்போது அதற்கு விலை எங்கே? ஏழு ஆண்டு விடியற்காலையில் கதவு திறந்து, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போன தாய் திரும்பும் வரை விளக்கணைக்காமல் காத்திருந்து அவர் சேர்த்த நல்ல பெயருக்குக் கம்பெனி என்ன கொடுத்தது? ஒரு காசும் கொடுக்கவில்லை. மாறாக, காப்பகத்தைக் கைமாற்ற அனுமதிக் கட்டணம் வேறு கேட்கிறது!

ராயல்டி வாங்கும்போது குட்வில் கம்பெனியுடையது. வாயைக் கட்டும்போது குட்வில் அந்த அம்மாளுடையது. இது என்ன நியாயம்? தலை விழுந்தாலும் எனக்கு, பூ விழுந்தாலும் எனக்கு என்று காசு சுண்டுகிறவனோடு யார் ஆடி ஜெயிக்க முடியும்?

கம்பெனிக்கு எந்த உரிமையும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்று என்று சொல்லலாம். புத்தகங்களைத் திருப்பிக் கொடு, எங்கள் பெயரைச் சொல்லிப் பிள்ளை சேர்க்காதே என்று சொல்லலாம். ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டிக் கம்பெனிக்கும் சேர்த்து வேலை செய்யாதே என்று சொல்வதும் செல்லும். குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் கோகோ கோலா கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 1995இல் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடர்கிற தடை வேறு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006இல் அதே சுப்ரீம் கோர்ட், ஒப்பந்த காலத்துக்குப் பிந்திய கட்டுப்பாடு 27ஆவது பிரிவின் முன் நிற்காது என்று சொல்லியிருக்கிறது. பேர்பெற்ற பந்துவீச்சாளருக்குக் கிடைத்த நியாயம், பெயர் தெரியாத ஆயாவுக்கும் உரியதுதான்.

வாங்குகிறவருடைய நியாயம்

இந்தப் பிரச்னையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். காப்பகத்தை வாங்க வருகிறவர். அவரும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்தான். பத்துக் குடும்பத்தின் பிள்ளைகள் வருகிறார்கள் என்று நம்பி, இருக்கிற பணத்தையெல்லாம் போட்டு வாங்குகிறார். வாங்கிய மறுமாதமே விற்றவர் எதிர் வீட்டில் பாய் விரித்து, பழைய பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டால் அது துரோகம். அதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

ஆகவே விற்கிறவர் வாங்குகிறவருக்கு ஒரு வாக்குக் கொடுப்பது முறைதான். ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும். இன்ன தெருவிலிருந்து இன்ன தெரு வரை, இன்ன மாதம் வரை, காப்பகத்தில் இப்போதுள்ள பிள்ளைகளை அழைப்பதில்லை என்று எழுதலாம். அதற்கென்று ஒரு தொகையும் விலையில் தனியாகக் காட்டப்பட வேண்டும். அப்படி எழுதினால் இருவருக்கும் பாதுகாப்பு. ஊர் முழுதும் வளைத்து எழுதினால் வாங்கியவருக்கும் பலன் இல்லை. கோர்ட் அதை நியாயமற்றது என்று தள்ளிவிடக் கூடும்.

இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வாக்கு வாங்குகிறவருக்குக் கொடுக்கும் வாக்கு. பம்பாயிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்குக் கொடுக்கும் வாக்கு அல்ல.

ஆயாவையும் சேர்த்து விற்கலாமா?

எல்லாவற்றையும்விடக் கொடுமையான வரி ஆயாக்களைப் பற்றியது. அவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்ததே இல்லை. கையெழுத்தும் போடவில்லை. ராயல்டியில் பங்கும் இல்லை. ஆனாலும் காப்பகம் கைமாறினால் இரண்டு ஆண்டுகள் அவர்கள் வேறெங்கும் பிள்ளை தூக்கக் கூடாதாம்! தொட்டில், பாய், நாற்காலி என்று சாமான் ஜாபிதா எழுதும்போது ஆயாவையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் சேராத ஒருவரை அந்த ஒப்பந்தம் கட்டாது. இது சட்டத்தின் அரிச்சுவடி. தனியாக அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும், வேலையை விட்ட பிறகு வேறிடத்தில் அதே வேலையைச் செய்யக் கூடாது என்ற தடை 27ஆவது பிரிவில் அடிபட்டுப் போகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாட்டைக் கோர்ட்டுகள் ஏற்கின்றன. 1967இல் செஞ்சுரி மில் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் இடையில் வேலையை விட்டுப் போட்டிக் கம்பெனிக்குப் போனவரைத் தடுத்தது. 2025 மே மாதத்தில் விஜயா பாங்கு வழக்கில், மூன்று ஆண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஷரத்தைச் செல்லும் என்றது. ஆகவே 'பயிற்சிச் செலவு', 'பாண்டு' என்ற பெயரில் நீட்டப்படும் காகிதத்தில் ஆயாக்களும் ஆசிரியைகளும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. தடை முன்வாசலில் செல்லாது என்றால் பணம் என்ற பெயரில் பின்வாசலில் நுழையும்.

சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டாய்?

இப்படிக் கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. புதுச்சேரிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

1791 மார்ச் மாதம் பிரெஞ்சுப் புரட்சியின் சபை ஒரு சட்டம் செய்தது. யாரும் எந்தத் தொழிலும் வியாபாரமும் சுதந்திரமாகச் செய்யலாம் என்றது. நல்ல சட்டம். அதே 1791 ஜூன் மாதம் அதே சபை இன்னொரு சட்டம் செய்தது. தொழிலாளர்கள் சங்கம் சேரக் கூடாது என்றது. முதலாளியும் தொழிலாளியும் சமமாக உட்கார்ந்து ஒப்பந்தம் பேசிக்கொள்ளட்டும், நடுவில் சங்கம் எதற்கு என்பதுதான் வாதம். அந்தச் சமத்துவத்தின் லட்சணத்தை நமது ஊர் மில் தொழிலாளர்கள் அனுபவித்தார்கள். 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். 1937 ஏப்ரலில் பிரெஞ்சு சர்க்கார் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. மில் வாசலில் ஒவ்வொருவனும் தனித்தனியாகச் 'சம்மதித்து'க் கொண்டிருந்தவரை அது கிடைக்கவில்லை.

பசித்தவன் சம்மதமும் படித்துக் காட்டாத காகிதத்தின் சம்மதமும் சம்மதம் ஆகாது. நாற்பது பக்க ஆங்கிலத்தை உப்பளத்துச் சகோதரிக்கு எவர் படித்துச் சொன்னார்? ஒரு வரியை மாற்று என்று அவர் கேட்டிருந்தால் கம்பெனி மாற்றியிருக்குமா? தகராறு வந்தால் தூர தேசத்து நகரத்தில் மத்தியஸ்தத்துக்கு வர வேண்டும் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். ரயில் கட்டணமும் வக்கீல் கட்டணமும் எண்ணிப் பார்த்தே பலர் வாயை மூடிக்கொள்வார்கள். செல்லாத ஷரத்தை எழுதி வைப்பதன் சூட்சுமமே அதுதான். கோர்ட்டில் ஜெயிப்பதற்காக எழுதுவதில்லை. கோர்ட்டுக்குப் போகாதபடி பயமுறுத்துவதற்காகவே எழுதுகிறார்கள்.

அந்தப் பிரெஞ்சு தேசம் இன்று என்ன செய்கிறது என்றும் பார்ப்போம். 1989 டிசம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. பெயரைக் கொடுத்து, தன்னோடு மட்டுமே வியாபாரம் செய்யும்படி கட்டுகிற கம்பெனி, கையெழுத்துக்கு இருபது நாள் முன்னதாகவே உண்மை விவரங்களையும் ஒப்பந்த நகலையும் கொடுத்துவிட வேண்டும். 2015இல் வந்த சட்டம், சில்லறை வியாபாரத்தில் ஒப்பந்தத்துக்குப் பிந்திய தடையை அதே இடத்துக்குள்ளும் ஓராண்டுக்குள்ளும் அடக்கியது. நமது நாட்டில் பிரான்சைஸ் முறைக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872ஆம் ஆண்டுப் பிரிவு ஒன்றைத்தான் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளை வளர்ப்பு சரக்கா?

இந்தத் தொழிலில் கம்பெனிக்கு இவ்வளவு இடம் எப்படி வந்தது? வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு இடம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காததால் வந்தது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் அறை வேண்டும் என்றது. 1976இல் அது முப்பது என்று திருத்தப்பட்டது. 2017இல் பேறுகாலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் ஐம்பது என்ற எண் இருக்கிறது. ஆனால் ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஏ.எப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. வீட்டு வேலைக்கும், துணிக்கடைக்கும், ஓட்டல் அடுப்படிக்கும், மீன் கூடைக்கும் போகிற பெண்ணை எந்த ஐம்பதில் சேர்ப்பது?

அந்த வெற்றிடத்தில்தான் பெயர்ப்பலகை வந்து நிற்கிறது. அது நிரந்தரமா? ஆஸ்திரேலியாவில் ஏ.பி.சி. லேர்னிங் என்ற கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட காப்பகங்களை விழுங்கி வளர்ந்தது. 2008 நவம்பரில் திவாலின் வாசலில் விழுந்தது. காப்பகங்களை அந்த ஆண்டு இறுதி வரை திறந்து வைக்க அந்நாட்டு சர்க்கார் 2 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் ஜனங்களுக்கு! ஊர்ப் பெண்கள் தனித்து நடத்தும் சிறு காப்பகங்களை அழித்துவிட்டு ஒரே பெயரை நம்பி நின்றால், பெயர் விழும் அன்று பிள்ளை எங்கே போகும்?

பிள்ளைக்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தூக்கும் கையும் கூப்பிடும் குரலும்தான். அந்தக் கைக்குப் பூட்டுப் போட்டால் கஷ்டப்படுவது அந்த ஆயா மட்டுமல்ல, அந்தப் பிள்ளையும் அதன் தாயும்தான்.

செய்ய வேண்டியவை

இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரிகளுக்கு நாம் சொல்லுவது இது.

முதலாவது, கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குட்வில் யாருடையது என்ற வரியையும், முடிந்த பிறகு என்ன தடை என்ற வரியையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, விற்கும்போது வாங்குகிறவரோடு தனிப் பத்திரம் எழுதுங்கள். தெரு, மாதம், தொகை மூன்றும் அதில் தெளிவாக இருக்கட்டும். வாங்கியவர் தொழிலை விட்டால் தடையும் நீங்கும் என்ற வரியையும் சேருங்கள்.

மூன்றாவது, பத்து லட்சம் அபராதம் என்று பார்த்துப் பயப்படாதீர்கள். செல்லாத தடையை மீறியதற்கு அபராதம் இல்லை. செல்லுகிற ஷரத்தை மீறினால்கூட, ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈட்டைத்தான் கோர்ட் கொடுக்கும். ஆனால் தேதி போடாத காசோலைகளைப் பிணையாகக் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கொண்டு வேறு வழக்குப் போடுவார்கள்.

நான்காவது, ஆயாக்களைக் கட்டும் வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கைக்கு விடுதலை கேட்கிற நீங்கள் அவர்கள் கையைக் கட்டிக் கொடுக்கலாமா?

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். நாற்பது பக்கத்துக்கு எதிரே ஒருத்தி நின்றால் கம்பெனி சிரிக்கும். நாற்பது பேர் நின்றால் பேச வரும்.

சர்க்காரிடம் நாம் கேட்பதும் சிக்கலானதல்ல. பெயர் விற்கும் கம்பெனிகள் முன்கூட்டியே விவரம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம், உழைக்கும் பெண்கள் வேலை முடிந்து திரும்பும் நேரம் வரை திறந்திருக்கும் பொதுக் காப்பகங்கள் வேண்டும். அனுபவமுள்ள இந்தச் சகோதரிகளுக்கே அவற்றில் முறையான சம்பளத்தோடு வேலை கொடுக்கலாம்.

உப்பளத்துச் சகோதரி காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாங்குகிறவரோடு இரண்டு தெருவுக்கும் ஒரு வருஷத்துக்கும் பேசி முடித்துக்கொள்வதாகச் சொன்னார். கம்பெனிக்குப் பெயர்ப்பலகையைக் கழற்றி அனுப்பிவிடப் போகிறாராம். அது கம்பெனியின் சொத்து, போகட்டும். பிள்ளை தூக்கிய கை அவருடையது. அதை எந்த ஷரத்தும் எழுதி வாங்க முடியாது.